படத்தில் பின்னால் போனவர்

"அந்தப் படத்தக் கழுவாமலே விட்டுருக்கலாம்."

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் இருந்த பெரியவர் தன் தங்கையிடம் சொன்னார். படத்தைக் கழுவுவதா என்று காதைத் தீட்டிக்கொண்டேன். திருச்சுழிப் பக்கம் அவர்கள் ஊரில் எடுத்த பழைய படத்தைப் புதுப்பித்து, திரைப்பட விழாவில் போட்டிருக்கிறார்கள். பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

"படம் ஆரம்பிக்கும் முன்ன நீதானண்ணே எந்திரிச்சு, கட்டில்ல உக்காந்திருக்கது எங்க அய்யான்னு பெருமையாச் சொன்ன."

"பழைய பிரிண்டுல அய்யா மட்டுந்தான் தெரிஞ்சாக. பின்னால ஒரே புகையா இருந்துச்சு."

"இப்ப பளிச்சுன்னு தெரியுது. பின்னால போறவரு அய்யாவப் பாத்ததும் செருப்பக் கழட்டிக் கக்கத்துல வச்சுக்கிட்டுப் போறாரு."

"அத நடிப்புன்னு நெனச்சுக் கைதட்டுனாக பாரு, எனக்குத் தலைய நிமித்த முடியல."

காரியாபட்டியில் சிலர் இறங்கினார்கள். பஸ் மறுபடி கிளம்பியது.

"வெளிய வாரப்ப அந்த விழாக்காரப் பொண்ணு உங்கிட்ட என்னண்ணே கேட்டுச்சு?"

"நடிச்சவுக பேரயெல்லாம் போடப் போறாகளாம். அய்யா பேர எழுதிக்கிருச்சு. பின்னால போறவரு பேரு என்னன்னு கேட்டுச்சு."

"நம்ம காட்டுலதான காலம்பூரா உழுதாரு. சொல்ல வேண்டியதுதான?"

"எந்தப் பேரச் சொல்ல? சின்னப்பிள்ளையா இருந்த நாமளும் அவரச் சாதியச் சொல்லித்தான கூப்பிட்டோம்."