வாட்ச்மேன் நாற்காலி

— வாட்ச்மேன் அண்ணே, அடம் பிடிக்காதீங்க. காணாம போனது ஒரு நாற்காலி. ஹெட் ஆபீஸ் ரிப்போர்ட்ல ‘தெஃப்ட்’னு டைப் அடிக்கறேன்.

— வேணாம் தங்கச்சி. ‘ராபரி’ன்னே அடி. என் வேலை இப்ப உன் விரல் நுனியில இருக்கு.

— ராபரின்னா ஆளை அடிச்சோ மிரட்டியோ பிடுங்கறது. ஆளுக்குத் தெரியாம எடுத்துட்டுப் போனா தெஃப்ட். எழுத்துல போறப்ப ரெண்டையும் குழப்பக் கூடாது.

— தெரியாம போச்சுன்னு எழுதினா, கேட்ல உக்காந்தவன் என்ன பண்ணிக்கிட்டிருந்தான்னு கேப்பாங்களே?

— என்னதான் பண்ணிக்கிட்டிருந்தீங்க?

— அதை விடு.

— தூங்கினதுக்கு ஏற்கெனவே ரெண்டு மெமோ.

— மூணாவது வந்தா வீட்டுக்குத்தான். அதான் கெஞ்சறேன்.

— போன மழைக்குக் குடை காணோம்னு வந்து நின்னீங்க. நானும் வேலைக்குப் புதுசு, ராபரின்னு அடிச்சு அனுப்பிட்டேன். ஹெட் ஆபீஸ்லேருந்து ரெண்டு வண்டி ஆளு வந்து இறங்கி, கத்தியா துப்பாக்கியான்னு கேட்டாங்க. குடை பாத்ரூம் கதவுக்குப் பின்னால தொங்கிச்சு.

— அப்போ என்னை யாரும் தொடல. இப்ப தொட்டாங்க.

— எங்க?

— அக்குள்ல.

— அக்குள்லயா!

— ஒருத்தன் அக்குள்ல கைகொடுத்தான், ஒருத்தன் காலைப் பிடிச்சான். அலாக்காத் தூக்கி, கேட் ரூம் தரையில போட்டுட்டாங்க.

— போட்டாங்களா, படுக்க வெச்சாங்களா?

— படுக்க வெச்சாங்கன்னும் சொல்லலாம். தலைக்கு ஒரு அட்டைப்பெட்டியை மடக்கி வெச்சாங்க.

— கொள்ளைக்காரன் தலைக்கு வெச்சானா? நீங்க சத்தம் போடலையா?

— போடாம இருப்பேனா? ‘போறவங்க அந்த ஃபேனைப் போட்டுட்டுப் போங்கப்பா’ன்னு சத்தமாவே சொன்னேன்.

— போட்டாங்களா?

— மூணுல வெச்சாங்க.

— ஐயோ, இனிமே என்னால சிரிப்பை அடக்க முடியாது, சொல்லிடறேன். நாற்காலி மேனேஜர் ரூம்ல இருக்கு.

— என்னது?

— நீங்க முழிச்சிருக்கீங்களான்னு சோதிக்க, மத்தியானம் அவரும் டிரைவரும்தான் தூக்கினாங்க. தெஃப்ட்னு நீங்க கையெழுத்துப் போட்டதும் மூணாவது மெமோ நீட்டுவாரு.

— அக்குள் யாரு, கால் யாரு?

— அக்குள் மேனேஜர்.

— அப்போ என் உடம்புல கைவெச்சு, வலுக்கட்டாயமா இறக்கி, நான் உக்காந்திருந்ததைக் கொண்டு போயிருக்காரு. இதுக்கு இங்கிலீஷ்ல என்ன பேருன்னு இப்பதானே சொன்ன?

— அண்ணே, விளையாடாதீங்க!

— அடிம்மா. மேனேஜர் பேரையும் சேர்த்து அடி. ரெண்டு வண்டியும் வரட்டும்.

— வந்தா, நீங்க தூங்கிட்டிருந்தீங்கன்னு அவர் சொல்வாரே?

— தூங்கறவன் எவனாவது ஃபேனைப் போடச் சொல்வானா?