சென்னையில் இன்னொரு புள்ளி

“சென்னையில இத்தனை நாளா நான் மட்டும்தான்டி இருந்தேன்” என்றாள், நெரிசலான அடையாறு பேருந்தில் என் முன் இருக்கைப் பெண்.

“என்னடி உளர்ற?” என்றாள் தோழி.

“அந்த கிரிப்டோ காசு நெட்வொர்க்ல. வீட்ல என் கம்ப்யூட்டரை அதுல சேர்த்து ஓட்டறேன்ல? அதுலேர்ந்து நெட்வொர்க்ல இருக்கற இன்னொரு கம்ப்யூட்டரைக் கூப்பிட்டு, உனக்கு யாரையெல்லாம் தெரியும்னு கேட்பேன். அது சொல்ற ஒவ்வொண்ணையும் கூப்பிட்டுக் கேட்பேன். பதில் வந்தா உலக மேப்ல ஒரு புள்ளி. நேத்து பட்டினப்பாக்கம் பக்கம் புதுசா ஒண்ணு.”

“யாரு?”

“தெரியல. இடமே சுமாராத்தான் காட்டும். இன்னிக்குக் காணோம். ஆஃப் ஆயிடுச்சா, ஒளிஞ்சிருக்கான்னும் தெரியல.”

பட்டினப்பாக்கம் நிறுத்தத்தில், புள்ளி வைப்பவள் எழுந்தாள்.

“யாருன்னே தெரியாம எங்கடி தேடுவ?”

“தேடலை. மீன் கடையில, இங்க கரண்ட் போச்சான்னு மட்டும் கேட்கறேன். போயிருந்தா, கரண்ட் வந்ததும் அந்தப் புள்ளியும் திரும்ப வந்துடும்ல?”