ஒரு நூல் உயரம்

முதுகுவலிக்கு வெந்நீர்ப் பை நல்லது என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. பத்து நிமிடம் இதமாக இருக்கும், அப்புறம் ரப்பர் நாற்றம்தான் மிச்சம். சுவரில் பந்தை வைத்து முதுகால் உருட்டுவது, துண்டைச் சுருட்டி அடியில் வைத்துப் படுப்பது, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நெஞ்சை விரிப்பது என்று என் மனைவி எல்லாவற்றையும் செய்து பார்த்தாள். கடைசியில் என் கட்டை விரலிடம்தான் வந்து சேர்ந்தாள்.

நான் நாற்காலி பழுது பார்க்கிறவன். வீட்டின் முன்னறைதான் பட்டறை. பின்னறை அவளுடையது. அவள் பல் செட்டு செய்வாள். மூன்று பல் மருத்துவர்கள் நோயாளிகளின் வாயை அச்செடுத்து அனுப்புவார்கள். அவள் அதில் மெழுகு வார்த்து, பல் அடுக்கி, ஈறு செய்து கொடுப்பாள். நல்ல கைவேலைக்காரி. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

அந்த அச்சுகளை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள், ஐயா. எவனோ ஒரு கிழவனின் மேலண்ணம், அதன் வரி வரியான சதை, அப்படியே இளஞ்சிவப்புக் களியில் பதிந்து வரும். சிலவற்றில் எச்சில் காய்ந்து பளபளக்கும். ஒன்றில் சாப்பாட்டுத் துணுக்கு ஒட்டியிருந்ததை நானே பார்த்தேன். அவள் அதை வெறுங்கையால் எடுத்து, மூக்குக்கு நேரே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். நகத்தால் சுரண்டிவிட்டு, பக்கத்தில் இருக்கும் டீயை எடுத்துக் குடிப்பாள். ஒரு தடவைகூட முகம் சுளித்ததில்லை.

முகம் சுளித்தது என்னிடம்தான். கல்யாணமான முதல் வாரத்தில் சொன்னாள். "கைய நல்லா கழுவிட்டு வாங்களேன், செத்த எலி மாதிரி நாறுது." அப்போது நான் மாட்டுத் தோலைக் காய்ச்சி எடுக்கும் பழைய பசையைத்தான் வைத்திருந்தேன். நாற்றம் இருந்தது உண்மை. சோப்பு போட்டுக் கழுவினேன், மண்ணெண்ணெய் போட்டுக் கழுவினேன். பிறகு பசையையே மாற்றினேன்; டப்பாவில் வரும் வெள்ளைப் பசை, மோந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது. அதற்குப் பிறகும் நான் நீட்டும் தம்ளரின் விளிம்பை அவள் துணியால் துடைத்துவிட்டுத்தான் வாயில் வைத்தாள். என் கை தோளில் பட்டால் அந்த இடத்துத் தோல் மட்டும் சுருங்கும். அவள் வேண்டுமென்று செய்யவில்லை என்பதுதான் கொடுமை. பதினோரு வருஷம் நாங்கள் சண்டையே போட்டதில்லை. ஊரிலிருக்கும் பொக்கை வாயெல்லாம் பிடித்திருந்தது அவளுக்கு. நான் மட்டும்தான் அவளுக்குக் குமட்டினேன்.

போன வருஷம் ஒரே வாரத்தில் ஒன்பது செட்டு முடிக்க வேண்டி வந்தது. ஏழாம் நாள் மாலை அவள் பட்டறை வாசலில் வந்து நின்றாள். தோள் இரண்டும் காது வரை ஏறியிருந்தன.

"என்னங்க, கொஞ்சம் இங்க அமுக்கி விடுறீங்களா? உயிர் போகுது."

தோள்பட்டை எலும்புக்கும் தண்டுவடத்துக்கும் நடுவே ஒரு முடிச்சு இருந்தது. கடலை அளவு. என் விரலுக்கு மரத்தின் கணு தெரியும், இது தெரியாதா. அழுத்திப் பிடித்து மெல்லக் கரைத்தேன். அவள் "ஆ, அங்கதான்" என்றாள். தோல் சுருங்கவில்லை.

அந்த முதுகின் மேல் எனக்கு ஆசை என்று நினைத்துவிடாதீர்கள். வியர்வைப் பிசுபிசுப்பு, தைல நெடி, பழைய பிளாஸ்திரி விட்டுப்போன கறுப்பு விளிம்பு, ஒரு மச்சம், அதில் இரண்டு முடி. ஒவ்வொரு முறையும் கை கழுவினேன். ஆனால் அவளாகக் கூப்பிட்டாள். அது எட்டு நாள் நடந்தது. ஒன்பதாம் நாள் வலி போய்விட்டது. நான் நீட்டிய தம்ளரைத் துடைத்தாள்.

அவளுடைய நாற்காலி நான் செய்தது. நான்கு காலுக்கும் ரப்பர் குமிழ் போட்டிருந்தேன். அவள் பல் செட்டு கொடுக்கப் போயிருந்தபோது அதைக் கவிழ்த்து, குமிழ்களைக் கழற்றி, ஒவ்வொரு காலிலும் ஒரு நூல் அறுத்தேன். ஒரு நூல் என்பது எங்கள் கணக்கில் அங்குலத்தில் எட்டில் ஒன்று. குமிழ்களைத் திரும்ப மாட்டி, தூளைக் கூட்டிவிட்டேன். ஒரு நூலை யாரும் கவனிக்க மாட்டார்கள். முதுகு கவனிக்கும். மேசை அதே உயரத்தில் இருக்க, நாற்காலி தாழத் தாழ, தோளைத் தூக்கிக்கொண்டுதான் வேலை செய்தாக வேண்டும்.

வலி திரும்பியது, அவளும் கூப்பிட்டாள். மூன்று வாரத்துக்கு ஒரு முறை அறுத்தேன். கடைசிவரை மொத்தம் பதினாறு முறை. இரண்டு அங்குலம்.

அவளுடைய தம்பி வந்தால் கேலி செய்வார். "என்னக்கா, வயசாக ஆக குட்டையாயிட்டே போறே? போற போக்குல மேசைக்கு அடியில உக்காந்துதான் பல்லு கட்டுவே போல." எல்லாரும் சிரித்தோம். அவர் அதிர்கிற மெஷின் ஒன்று வாங்கிக்கொண்டு வந்தார். வேற்று மனிதர்களின் முதுகில் ஓடி, அவர்கள் எண்ணெய் படிந்த பழைய மெஷின். அதன் ஒயரை ஒரு வாரத்தில் உள்ளுக்குள்ளேயே அறுத்துவிட்டேன்.

ஒரு நாள் அவளே கேட்டாள். "நாற்காலி தாழ்ந்துபோச்சோன்னு தோணுதுங்க."

டேப்பை எடுத்து அவள் கண்ணெதிரில் அளந்தேன். பதினாறே கால் அங்குலத்தைப் பதினெட்டு என்று படித்தேன்.

"சரிதான்," என்றாள். "எனக்குத்தான் பிரமை. தொழில்ல உங்கள ஒரு குறை சொல்ல முடியாது."

பதினோரு வருஷத்தில் அவள் என்னைப் பற்றிச் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அது. அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இருந்தாலும் அடுத்த வாரம் அறுத்தேன்.

அப்புறம் மூன்று மருத்துவர்களில் பெரியவர் தன் ஆய்வகத்தில் வேலைக்கு வரச் சொல்லிவிட்டார். காலையில் போனால் மாலையில் வரலாம். உயரத்தை ஏற்றி இறக்கும் நாற்காலி உண்டாம். அதை அவள் இரண்டு முறை சொன்னாள். திங்கட்கிழமை சேர வேண்டும். அந்த வாரம்தான் அவளுடைய வலது கை விரல்கள் மரத்துப்போக ஆரம்பித்தன. மெழுகுக் கத்தி கை நழுவிக் கீழே விழுந்தது.

எலும்பு மருத்துவரிடம் நான்தான் கூட்டிப் போனேன். அவள் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கப் போயிருந்தபோது அவர் என்னிடம் சொன்னார். "கழுத்துல நரம்பு அழுந்துது. இனிமே யாரும் அங்க கைய வைக்கவே கூடாது. அமுக்குறது, சொடக்கு எடுக்குறது, எதுவும் கூடாது. நாளைக்கே ஸ்கேன் எடுங்க. சரியா உக்காந்தா ஆறு மாசத்துல தேறிடுவாங்க."

தேறிவிடுவாள் என்றார். எனக்கு அது நன்றாகக் கேட்டது.

வெளியே வந்ததும் அவள் கேட்டாள். "டாக்டர் என்ன சொன்னாரு?"

"தினமும் அழுத்தி அமுக்கி விடச் சொன்னாரு," என்றேன்.

சனிக்கிழமை மதியம் அவள் குப்புறப் படுத்தாள். தைலம் தடவினேன். முடிச்சை விட்டுவிட்டு மேலே போனேன், மருத்துவர் தொடக்கூடாது என்று சொன்ன இடத்துக்கு. முழங்கையை வைத்து என் முழு எடையையும் இறக்கினேன். அவள் "மெதுவா" என்றாள். நான் தலையை இரண்டு கையாலும் பிடித்து ஒரு பக்கமாகத் திருப்பினேன். காய்ந்த குச்சி முறிகிற மாதிரி ஒரு சத்தம். கட்டிலின் விளிம்பிலிருந்து வலது கை கீழே விழுந்து தொங்கியது. அவள் அதைப் பார்த்தாள். தன்னுடைய கையா என்று சந்தேகப்படுகிறவள் போலப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கை தவறிவிட்டது என்று மைத்துனரிடம் சொன்னேன். அவர் நம்பினார். ஆஸ்பத்திரியில் அக்காவுக்குச் சாய்ந்து உட்கார வேண்டுமே என்று அந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போனபோது ஒரு குமிழ் கழன்று விழுந்திருக்கிறது. பழைய காலில் புது வெட்டு இருப்பதைப் பார்த்துவிட்டார். மீதியை அவர் உங்களிடம் சொல்லியிருப்பார். அவர் சொன்னது அத்தனையும் சரி. குறைத்துச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அறுத்தது நான், பொய் அளவு படித்தது நான், மருத்துவர் சொன்னதை மறைத்துக் கழுத்தைத் திருப்பியதும் நான். அந்தக் கையில் இனி உணர்ச்சி வராது, அசைவும் வராது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். படித்தேன்.

நீங்கள் என்னை அழைத்துவருவதற்கு முந்தைய நாள் பகலில் வார்டில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். அவள் விழித்துத்தான் இருந்தாள். நான் வலப்பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்து அந்தக் கையை என் இரண்டு கைக்குள் எடுத்து வைத்துக்கொண்டேன். அவள் இடது கையால் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். வெளிச்சம் கண்ணைக் கூசியிருக்கும். அரை மணி நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவைகூட அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை, ஐயா. என்மேல் இருந்த அருவருப்பு அவளுக்கு அடியோடு போய்விட்டது.