வெள்ளத்தில் நின்றும் தளிர்க்காத நீர்மருதுகள்: பேராசிரியர் ஜஹீருன்னிசா அவர்களுக்குப் பிரியாவிடை மடல்

வேரின் வேட்கையையும் இலையின் ஏக்கத்தையும் எங்களுக்கு விளங்கவைத்த வித்தகரே! பாலாற்று மணலில் பாதம் பொசுங்க நடந்து, பட்ட மரத்தின் பட்டையிலும் பாடம் கண்ட பண்பாளரே! முப்பதாண்டுக்கு மேலாக இக்கல்லூரித் தாவரவியல் துறையின் தாயாகவும் தலைவியாகவும் தழைத்த தகைமையே! வணங்குகிறோம், வாய் வாழ்த்துகையில் கண் கலங்குகிறோம்.

தங்கள் பட்டங்களையும் பரிசுகளையும் இம்மடலில் அடுக்கப்போவதில்லை. அவை அலுவலகச் சுவரில் இருக்கின்றன. ஆற்றங்கரையில் தங்களுக்கு நேர்ந்த ஒன்றை இந்த அவையோர் அறிய வேண்டும். தங்கள் கதையைத் தங்கள் முன்னிலையிலேயே அயலார் கதைபோல் சொல்வதைப் பொறுத்தருள்க.

மரம் எப்படி நீர் ஏற்றுகிறது என்பதே அம்மையாரின் ஆயுள் ஆராய்ச்சி. தண்டுக்குள் மயிரிழை போன்ற குழாய்கள் உண்டு. இலை மேலிருந்து உறிஞ்ச, வேர் கீழிருந்து கொடுக்க, நீர் அறுபடாத இழையாக ஏறுகிறது. நீர் செழித்த இடத்து மரத்தில் குழாய் அகலம், வளர்ச்சியும் வேகம். வறண்ட சரிவில் அதே இன மரத்தில் குழாய் ஒடுக்கம், வளர்ச்சியும் மந்தம். மண் காய்ந்தால் இழை அறுந்து குழாயில் காற்று புகும். அகலக் குழாய்க்கே அந்த ஆபத்து அதிகம். இதை ஆலங்காயத்து மலையடியிலும் ஆம்பூர் ஆற்றங்கரையிலும் மாறி மாறி அளந்தவர் அவர்.

மாதனூர்ப் பக்கம் ஆற்றை ஒட்டி நிலம் வைத்திருந்தவர் வேதாசலம். அவர் தந்தை நட்ட நீர்மருதுகள் ஏழு அந்தக் கரையைக் காத்து நின்றன. மழை பொய்த்த ஆண்டுகள் தொடர்ந்து வந்தன. நிலத்தடி நீர் இறங்கிக்கொண்டே போனது. மரங்களின் உச்சி கருகத் தொடங்கியதும் வேதாசலம் கல்லூரி வாசலுக்கே வந்துவிட்டார்.

“இன்னாம்மா இது, உச்சியெல்லாம் காஞ்சிப் போச்சி. மரவாடிக்காரன் வெட்டிக்கறேன்றான். பாதியில வெட்டி உட்டா துளிர்க்கும்னும் சொல்றாங்க. இன்னா பண்ணட்டும்?”

அம்மையார் கரைக்குப் போனார். அடிமரத்துப் பட்டையை நகத்தால் கீறினார். உள்ளே பச்சை இருந்தது.

“அவசரப்படாதீங்க. தண்ணி பத்தலன்னா மரம் உச்சியை விட்டுட்டு அடியைக் காப்பாத்திக்கும். ஒரு நல்ல மழை போதும். கத்தி வைக்காம இருங்க.”

வேதாசலம் கத்தி வைக்கவில்லை. மரவாடிக்காரர் மூன்று முறை வந்து மூன்று முறையும் வெறுங்கையோடு திரும்பினார். அதற்குள் நோய்த்தொற்றுக் காலம் வந்து ஊரை அடைத்தது. அம்மையாரால் கரைக்குப் போக முடியவில்லை. இரண்டு கோடைகள் கடந்தன.

பிறகு ஒரு கார்த்திகையில், பல்லாண்டாக மணல் மட்டுமே கண்ட பாலாறு கரைபுரண்டு வந்தது. பாலங்களின் மேல் மக்கள் திருவிழாபோல் திரண்டார்கள். வேதாசலத்தின் குரல் தொலைபேசியில் துள்ளியது.

“ஆறு வந்துட்ச்சிம்மா! கரையைத் தொட்டுக்கினு ஓடுது. மரத்துக்கு முட்டியளவு தண்ணி. நீங்க சொன்ன மழை வந்துட்ச்சி, வாங்கம்மா!”

வெள்ளம் சற்று வடிந்ததும் அம்மையார் போனார். சேலையை வரிந்து, சேற்றில் இறங்கி, முதல் மரத்தைக் கீறினார். பழுப்பு. இரண்டாவதைக் கீறினார். அதுவும் பழுப்பு. ஏழாவது மரத்தையும் கீறிவிட்டு அவர் நிமிர்ந்தபோது வேதாசலம் எதிரில் நின்றிருந்தார்.

“சொல்லும்மா.”

“போய்டுச்சிங்க.”

“காலைச் சுத்தி தண்ணி நிக்குதே! குடிக்காம இன்னா பண்ணுது?”

“குடிக்கற வழி அறுந்து போச்சிங்க. உள்ள குழாயெல்லாம் காத்து பூந்துடுச்சி. அன்னிக்கே பாதியில வெட்டி விட்டிருந்தா, இலை கம்மியாயி, இருந்த தண்ணியில அடியில துளிர்த்திருக்கும். வேணாம்னு சொன்னவ நான்தான்.”

வேதாசலம் கோபிக்கவில்லை. ஒவ்வொரு மரமாகத் தொட்டுக்கொண்டே கரையின் கடைசி வரை நடந்தார். திரும்பி வரவில்லை. அவர் மனைவி ஜெயம்மாள்தான் அம்மையாரின் கையிலிருந்த சேற்றைக் கழுவத் தண்ணீர் ஊற்றினார்.

“அவரு இப்ப பேச மாட்டாரு. நீ போய்ட்டு இன்னொரு நாள் வாம்மா. ஒண்ணு மட்டும் கேளு. செத்த மரமா இருந்தாலும் வேரு புடிச்சிக்கினதாலதான் கரை நின்னுச்சி. இல்லன்னா நாங்க குடியிருக்கற கொட்டா ஆத்தோட போயிருக்கும்.”

அந்த ஆறுதல் அம்மையாரின் நெஞ்சில் இறங்கவில்லை. செத்த வேர் சில ஆண்டுகளில் மக்கும், அடுத்த வெள்ளத்தைத் தாங்காது என்பது அவருக்குத் தெரியும்.

அடுத்து வந்த கருத்தரங்கில், தம் கணிப்பு பொய்த்ததையும் அதனால் ஏழு மரங்கள் மாண்டதையும் மேடையேறிச் சொல்லத் துணிந்தார். துறைத் தோழி மோகனா தடுத்தார்.

“இதையெல்லாம் எதுக்கு மேடம் வெளிய சொல்றீங்க?”

“நான் சொல்லலன்னா, இன்னொருத்தர் போய் இன்னொரு விவசாயிகிட்ட ‘இருங்க’ன்னு சொல்லுவாங்க மோகனா.”

சொன்னார். பெற்ற பெருமையைப் பேசுவோர் பலர். பொய்த்த கணிப்பைப் பாடமாக்கிய பேருள்ளம் தங்களுடையது, தாயே!

கரைக்குப் புங்கன் நடலாம் என்று அவர் சொல்லியனுப்பினார். “மருது இருந்த எடத்துல மருதுதான்,” என்று வேதாசலத்திடமிருந்து மறுமொழி வந்தது. ஆறு ஓடிய ஓராண்டை நம்பி ஆற்றங்கரை விதையையே மறுபடி ஊன்ற அம்மையாருக்கு மனமில்லை. ஆலங்காயத்துக்கு அப்பால், ஆண்டில் பாதி வறண்டு கிடக்கும் ஓடைச் சரிவில் ஒடுங்கிய குழாய்களோடு தாக்குப்பிடித்து நிற்கும் நீர்மருதுகளின் விதைகளைச் சேர்த்தார். ஆய்வகத்தின் பின்புறம் முளைக்கவைத்து, கன்றுகளை அவரே கொண்டுபோய் இறக்கினார். வேதாசலம் ஒரு வார்த்தை பேசாமல் வாங்கிக் குழி தோண்டினார்.

கோடைதோறும் அம்மையார் போனார். சில கன்றுகள் கருகின. மற்றவை சாண் சாணாக வளர்ந்தன. மூன்றாம் கோடையில்தான் வேதாசலம் வாய் திறந்தார்: “வெயில்ல நிக்காதம்மா, இப்பிடி வா.” அதைக் கல்லூரியில் வந்து சொன்னபோது அம்மையார் அழுதார். விருது வாங்கிய நாளில்கூட அவர் அழுது நாங்கள் பார்த்ததில்லை.

கடந்த தை மாதம் வேதாசலம் மாரடைப்பால் மறைந்தார். காரியம் முடிந்த மறுநாள் அம்மையார் போனபோது, ஜெயம்மாள் அவரைக் கரைக்கு அழைத்துப்போனார். தோளளவு வளர்ந்த கன்றுகளுக்கு நடுவே இருவரும் நின்றார்கள்.

“இதுங்க எப்பம்மா நெழல் தரும்? அவரு கேட்டுக்கினே இருந்தாரு.”

“இது மெதுவா வளர்ற ஜாதி, ஜெயம்மா. முழுசா நெழல் விழறப்ப நாம ரெண்டு பேருமே இருக்க மாட்டோம்.”

ஜெயம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அம்மையார் அவர் தோளைப் பற்றிக்கொண்டார். இதோ, முன் வரிசையில் அமர்ந்திருக்கும் ஜெயம்மாள்தான் இதை எங்களிடம் சொன்னவர்.

அன்னையே! நாளை முதல் தங்கள் நாற்காலி வெறுமையாகும். நுண்ணோக்கிகள் உறைக்குள் உறங்கும். நாங்கள் ஐயம் கேட்க ஆளின்றித் தவிப்போம். பெங்களூரில் மகள் ஹஃப்ஸாவின் இல்லத்தில் தங்கள் நாட்கள் நோயின்றி நகரட்டும், உறவு சூழ உவகை பெருகட்டும். இன்னொரு வேண்டுதலும் உண்டு. அந்த நிழலைப் பார்க்க இருக்க மாட்டோம் என்று கரையில் நின்று சொன்னீர்களே! தங்கள் கணிப்பு முன்பொரு முறை பொய்த்தது. அதற்காக நாங்களும் வருந்தினோம். அம்மா, இந்த முறையும் அது பொய்க்கட்டும்! முழுதாய் நிழல் விழும் நாளில் ஜெயம்மாளோடு தாங்களும் அங்கே அமர்ந்திருக்க வேண்டும். நாங்கள் வந்து பார்க்க வேண்டும்.

பிரிய மனமின்றிப் பிரியும்,
தாவரவியல் துறைப் பேராசிரியர்கள், ஆய்வக உதவியாளர்கள், அலுவலகத் தோழர்கள்
ஆம்பூர்