அண்ணிக்கு நான் எடுத்துக் கொடுத்த கார்டு

தேநீர் ஆறுகிறது, ஆடை படர்ந்துவிட்டால் இந்தப் பெண் குடிக்கமாட்டாளே என்றுதான் நான் அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன். ஷர்மைன் கோப்பையைத் தொடாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் என் அண்ணன் மகள். வீடு ஜொகூர் பாரு பக்கம் தம்போயில், வேலை சிங்கப்பூரில். அம்மா இறந்த பிறகு அப்பாவைத் தன்னோடு அழைத்துப்போக அன்று எங்கள் ஊர் குளுவாங்குக்கு வந்திருந்தாள். அண்ணன் அடுத்த வரிசையிலிருக்கும் தன் வீட்டைப் பூட்டிவிட்டு என்னிடம் சொல்லிக்கொள்ள வருவார். அதற்குள் என்னிடம் ஒரு வார்த்தை வாங்கிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா போறதுக்கு முன்னால எல்லாத்தையும் என்கிட்ட சொல்லிட்டாங்க அத்தை. அப்பாவுக்குத்தான் தெரியாது. ஏன் என்கிட்ட சொல்லாம மறைச்சா, ஏன் மறைச்சான்னு அதையே கேட்டுக்கிட்டு இருக்காரு. தன்னாலதான்னு நினைக்கிறாரு. நீங்க சொல்லுங்க. நான் சொன்னா, உன் அத்தை அப்படிச் செய்வாளான்னு என்னையே ஏசுவாரு."

அவள் கேட்டதில் தப்பில்லை. நடந்ததை மறைக்க எனக்கும் விருப்பமில்லை.

நான் முப்பது வருடத்துக்கு மேல் அரசாங்க ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்தவள். ஓய்வு பெற்ற பிறகும் ஊரில் எல்லோருக்கும் மிஸ்ஸிதான். ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் மண்டபத்தில் வயதானவர்கள் என்னைச் சுற்றி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார்கள். வேலையில் இருந்தவரை கம்பெனி பார்த்துக்கொண்டது. இனி மருத்துவக் காப்பீட்டுக்கு எந்த மெடிக்கல் கார்டு எடுப்பது என்று கேட்பார்கள். எழுபது வயதில் எதன் தவணை எகிறும், எது பில்லில் ஒரு பங்கை நம் தலையில் கட்டும் என்று பொறுமையாக விளக்குவேன். கோயிலுக்கு வராத ஐயாசாமிகூட இதற்கென்றே வருவார்.

"மிஸ்ஸி, இந்தக் கார்டு எடுத்தா சாவு வராதா?"

"வரும். ஏர்கோன் ரூம்ல வரும்."

"அப்ப சரி லா. வெயில்ல சாக நமக்கு ஆசையில்ல."

என் அண்ணி அமலோற்பவம் மட்டும் எடுக்கமாட்டேன் என்றாள். தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். "எனக்குத்தான் பென்ஷன் இருக்கே ரோசு. பெரிய ஆஸ்பத்திரியில எல்லாமே சும்மாதானே பாக்குறாங்க. இது எதுக்கு மேல வேற?" என்பாள். அந்த வார்டுகளில் வேலை செய்தவள் நான். நடைபாதைக் கட்டிலில் என் குடும்பத்து ஆள் படுப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. சொந்த அண்ணியே எடுக்கவில்லை என்றால் மண்டபத்தில் என் பேச்சுக்கு என்ன மரியாதை என்பதும் மனதில் இருந்தது. விடாமல் பேசி எடுக்க வைத்தேன்.

கார்டு கைக்கு வந்த அடுத்த வாரம் அவள் என்னைப் படுக்கையறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். என் கையை எடுத்து இடது மார்பின்மேல் வைத்தாள். உள்ளே ஒரு கட்டி இருந்தது.

"கொழுப்புக் கட்டி அண்ணி. ஒண்ணுமில்ல," என்றேன். முதல் நான்கு மாதத்துக்குள் இப்படி ஏதாவது கண்டுபிடித்தால் கார்டு பணம் கொடுக்காது. அதனால், "இப்ப டாக்டர்கிட்ட போனா எதையாவது எழுதி வச்சுருவாங்க, அப்புறம் கார்டு செல்லாது. நாலு மாசம் பொறுங்க," என்றும் சொன்னேன். அண்ணனிடம் சொல்வதில்லை என்று அந்தோணியார் படத்துக்கு முன்னால் சத்தியம் வாங்கினேன். அவருக்குத் தெரிந்தால் மறுநாள் காலையிலேயே பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார்.

இரண்டாவது மாதம் தோல் உள்ளிழுத்துக் குழிந்தது. "பயமா இருக்கு ரோசு. ஒரு தடவ சும்மா காட்டிட்டு வந்துரலாமே," என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். இவ்வளவு நாள் பொறுத்துவிட்டு இப்போது கெடுத்துக்கொள்ளாதீர்கள் என்றேன். பிறகு கசிய ஆரம்பித்தது. தினமும் அண்ணன் கடைக்குப் போகும் நேரம் பார்த்துப் போய் நானே சுத்தம் செய்து கட்டுப் போட்டேன். என் கட்டு சுத்தமாக இருக்கும். ஒருநாள் அவர் மருந்து வாசனை பிடித்துவிட்டார். சூட்டுக் கொப்புளம் என்று நான் முந்திக்கொண்டேன். "இந்த வயசுல உனக்கு என்ன கொப்புளம் வேண்டிக்கிடக்கு, குமரியா நீ?" என்று அவளைக் கேலி செய்தார். அவளும் சிரித்தாள். அந்தக் கேலியைத்தான் இப்போது அவர் நினைத்து நினைத்து மாய்கிறார்.

நான்கு மாதம் முடிந்த அன்று அண்ணி நல்ல சேலை கட்டி, பையோடு என் வாசலில் வந்து நின்றாள். மறுநாளே போய் நின்றால் கார்டுக் கம்பெனி சந்தேகப்படும் என்று இன்னும் இரண்டு மாதம் இருக்கச் சொன்னேன். அவள் பையைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடந்தாள்.

அந்த இரண்டு மாதமும் கழித்துத்தான் போனோம். ஜொகூர் பாருவில் நல்ல தனியார் ஆஸ்பத்திரி. தனி அறை. இவ்வளவு காலம் என்ன செய்தீர்கள் என்று டாக்டர் கேட்டபோது அவள் என்னைப் பார்த்தாள். "ரொம்பக் கூச்சப்படுவாங்க, டாக்டர்," என்றேன். அதற்குள் புற்று எலும்புக்கும் ஈரலுக்கும் போயிருந்தது. கம்பெனி ஒரு கேள்வி கேட்காமல் முழுப் பணத்தையும் கட்டியது. அடக்கம் முடிந்து கல்லறையிலிருந்து திரும்பும்போது, மண்டபத்துக்கு வரும் வெள்ளையம்மா, "அது எந்தக் கார்டு மிஸ்ஸி?" என்று காதோடு கேட்டாள். சொன்னேன். எடுத்துவிட்டாள்.

கொழுப்புக் கட்டி வழுக்கும். அது அசையவில்லை. இத்தனை வருட அனுபவத்தில் என் விரல் பொய் சொன்னதில்லை. அன்று கதவைச் சாத்திய அறையிலேயே அது என்னவென்று எனக்குத் தெரியும். மறுநாள் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருந்தால் ஒரு காசு செலவில்லாமல் அவள் பிழைத்திருப்பாள் என்பதும் தெரியும். ஆனால் நான் தேர்ந்தெடுத்துக் கொடுத்த கார்டு வீணாகியிருக்கும்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அண்ணன் கிரகோரி உள்ளே வந்தார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். உட்காரவில்லை.

"வரேன் ரோசு."

"சாப்பிட்டுட்டுப் போங்கண்ணே."

"பசியில்ல." தரையைப் பார்த்தபடியே கேட்டார். "நீ மிஸ்ஸியாச்சே. உன்கிட்டயாவது அவ ஒரு வார்த்தை சொன்னாளா?"

ஷர்மைன் எழுந்து நின்றாள். "சொல்லுங்க அத்தை," என்றாள். குரல் உயரவில்லை.

"இல்லண்ணே," என்றேன். "என்கிட்டயும் சொல்லல."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். என்னால்தான், என்னிடம்தான் பயந்திருக்கிறாள் என்று முணுமுணுத்தபடி காரை நோக்கி நடந்தார். ஷர்மைன் என் முகத்துக்கு நேரே வந்து, "இப்பவாவது அத்தை. கார் இன்னும் கெளம்பல," என்றாள். மாட்டேன் என்று தலையசைத்தேன்.

அவர் பெண்டாட்டியைப் பறிகொடுத்தவர். இந்த வயதில் கூடப்பிறந்த தங்கையையும் அவரிடமிருந்து பறிக்க எனக்கு மனம் வரவில்லை.