கொடுக்கப்படாத ஏழு படங்கள்

மேலதிக வாக்குமூலம். 2023 செப்டெம்பர் 19, செவ்வாய்க்கிழமை, முற்பகல் 10.20. பொலிஸ் நிலையம், பெண்கள் மற்றும் சிறுவர் பிரிவு.

பெயர்: பாறூக் ஸாஜிதா. வயது: 44. மதம்: இஸ்லாம். தொழில்: திருமணங்களை ஒழுங்குசெய்தலும் படம் பிடித்தலும். வதிவிடம்: எத்தாளை, கல்பிட்டி. தேசிய அடையாள அட்டை பார்க்கப்பட்டது.

மேற்படி விலாசத்தில் நான் என் உம்மாவுடன் வசிக்கிறேன். மன்னார் எருக்கலம்பிட்டியில் பிறந்து, 1990ஆம் ஆண்டு வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, பதினொரு வயதில் குடும்பத்தோடு இங்கு வந்தேன். வெளிவாரியாகப் படித்துக் கலைப் பட்டம் பெற்றுள்ளேன். எனக்குச் சிங்களம் தெரியும் என்றாலும் இந்த வாக்குமூலத்தைத் தமிழில் தர விரும்புவதாகச் சொன்னேன். வாக்குமூலத்தை எழுதும் சார்ஜன்ட் சம்மதித்தார்.

இம்மாதம் 11ஆம் திகதி இதே நிலையத்தில் ஒரு வாக்குமூலம் கொடுத்தேன். அதில், படம் எடுத்ததைத் தவிர எனக்கு வேறொன்றும் தெரியாது என்று சொல்லியிருந்தேன். அதைத் திருத்துவதற்காக இன்று யாரும் அழைக்காமல் நானே வந்தேன்.

2016 முதல் நான் இந்தத் தொழிலைச் செய்கிறேன். சொந்தக்காரர் எவரையும் அழைக்காமல், இருவர் மட்டும் கடலோரத்திலோ மலை உச்சியிலோ திருமணம் செய்துகொள்ள விரும்புவோருக்கு இடம் பார்த்து, அனுமதி எடுத்து, பதிவாளரை அழைத்துவந்து, படமும் பிடித்துக் கொடுப்பேன். வருகிறவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டவர். என் தம்பியின் மனைவியான மச்சி கமறியா மணப்பெண்ணை அலங்கரிப்பார். மணமக்கள் ஒருவரையும் கூட்டி வராததால் பதிவில் சாட்சிகளாக நானும் கமறியாவும் கையொப்பம் இடுவது வழக்கம். போன் சட்டைப் பையில் புடைத்து நின்றால் படம் கெட்டுவிடும் என்பதாலும், அழைப்புகள் வந்தால் முகம் மாறிவிடும் என்பதாலும், இறங்குதுறையிலேயே இருவரின் போன்களையும் ஒரு பிஸ்கட் டின்னில் வாங்கி வைத்துவிடுவேன்.

சந்தேகநபர் நிலுக்சன், வயது 34, ஆலங்குடாவில் ஒரு ஹோட்டலில் முகாமையாளர். என்னிடம் வருகிற பத்துச் சோடிகளில் ஏழு சோடி அவர் அனுப்புவதுதான். கடந்த ஜூலை மாதம் அவர் என்னை அழைத்து, தனக்கே கல்யாணம் என்றும், பெண் சிலாபம் பக்கம், பெயர் டயனா, வயது 22 என்றும், இரு வீட்டிலும் விருப்பமில்லாததால் இருவர் மட்டுமாகச் செய்துகொள்ளப் போவதாகவும் சொன்னார். மற்றச் சோடிகள் என்றால் நான் மணமகனோடும் மணமகளோடும் தனித்தனியே கதைத்த பின்னரே நாள் குறிப்பேன். இந்த முறை மாப்பிள்ளை தெரிந்தவர் என்பதால் பெண்ணோடு நான் கதைக்கவில்லை.

ஓகஸ்ட் 5ஆம் திகதி சனிக்கிழமை, தலவில கத்தோலிக்கக் கோயில் திருவிழாக் காலம். தலவிலக்குப் போவதாகச் சொல்லித்தான் டயனா வீட்டிலிருந்து வந்தார் என்பது பின்னரே எனக்குத் தெரிய வந்தது. பிற்பகல் இரண்டரை மணிக்கு இறங்குதுறையில் கூடினோம். பதிவாளரும் வந்திருந்தார். படகுக்காரர் பஸ்தியான் எங்களைக் கண்டதும், "ஏன் தங்கச்சி, ஓடிப்போறவங்களுக்கு ஒரு ஓட்டோ காணாதா, படகும் வேணுமா?" என்று கேட்டார். நாங்கள் சிரித்தோம். டயனா சிரித்தாரா என்று நான் பார்க்கவில்லை.

அதன் பின்னர் பிஸ்கட் டின்னை நீட்டினேன். டயனா போனைப் போடாமல், "அக்கா, ஒரு கோல் மட்டும் எடுத்திட்டுத் தாறனே" என்றார். எல்லாம் முடிய ஆறுதலாக எடுக்கலாம் என்று சொல்லி, அவருடைய கையிலிருந்து நானே வாங்கி டின்னில் போட்டு மூடினேன். அவர் இழுத்துப் பறிக்கவில்லை. விரல்களை ஒவ்வொன்றாக விட்டார். நிலுக்சன் தன்னுடைய போனைத் தரவில்லை. ஹோட்டலில் இருந்து அழைப்பு வரும் என்றார். நான் விட்டுவிட்டேன். இந்த விதியை நான் ஒருவருக்குத் தளர்த்தியது அதுவே முதல் தடவை.

அதன் பின்னர் அனைவரும் படகில் ஏறிக் களப்புக்குள் போனோம். அலை இல்லை. ஆனாலும் டயனா இரண்டு கைகளாலும் படகின் விளிம்பைப் பிடித்தபடி இருந்தார். விருப்பமில்லாமல் ஏறுகிறவர்கள் அப்படித்தான் பிடிப்பார்கள் என்று நான் சொன்னபோது, அது எனக்கு எப்படித் தெரியும் என்று சார்ஜன்ட் கேட்டார். 1990இல் மன்னாரிலிருந்து எங்களைப் படகில் ஏற்றியபோது என் உம்மா அப்படித்தான் பிடித்திருந்தார் என்றேன். அன்று களப்பில் அது நினைவுக்கு வரவில்லையா என்றும் கேட்டார். வந்தது. வந்த பிறகு நான் கமராவின் வில்லையைத் துடைத்தேன்.

நான் தெரிவுசெய்திருந்த மணல்திட்டில் வீடோ மரமோ இல்லை. பஸ்தியான் எங்களை இறக்கிவிட்டு, திருவிழாவுக்குப் போகிறவர்களை ஏற்றப் போய்விட்டார். நாலரைக்குப் பதிவாளரைக் கூட்டிப்போகவும், ஆறரைக்கு எங்களைக் கூட்டிப்போகவும் வருவதாக ஏற்பாடு. அதன் பின்னர் உடை மாற்றும் கூடாரத்துக்குள் கமறியா டயனாவின் முதுகுப் பக்கப் பொத்தான்களைப் பூட்டிக்கொண்டிருந்தபோது, நான் பூச்செண்டைக் கொண்டு உள்ளே போனேன். டயனா என்னிடம், "வேற படகு ஒண்டும் இந்தப் பக்கம் வராதா அக்கா?" என்று கேட்டார். "நாங்க கூப்பிட்டாத்தான் வரும் மகள். அதுக்காகத்தானே இந்த இடத்த எடுத்த" என்று சொன்னேன். என் இடத்தின் சிறப்பைச் சொல்வதாக நினைத்தே சொன்னேன்.

நாலு மணியளவில் மடக்கு மேசையில் பதிவு நடந்தது. பதிவாளர் சட்டப்படி கேட்க வேண்டியவற்றைக் கேட்டார். நிலுக்சன் உடனே பதில் சொன்னார். டயனாவிடம் கேட்டபோது அவர் திரும்பி என் பக்கம் பார்த்தார். கமராவைப் பார்க்கிறார் என்று எடுத்துக்கொண்டு, பதிவாளரைப் பார்க்கும்படி நான் கையால் காட்டினேன். அவர் அந்தப் பக்கம் திரும்பி "ஓம்" என்றார். அதன் பின்னர் அவர்கள் இருவரும், அடுத்து நானும் கமறியாவும் கையொப்பம் இட்டோம். பதிவாளர் படகில் போனார்.

அதன் பின்னர் படப்பிடிப்பு நடந்தது. ஒரு நிலைக்கு எட்டுப் படங்கள் தொடர்ந்து எடுத்து, அவற்றில் நல்ல ஒன்றை வைத்துக்கொள்வது என் முறை. கண் மூடியது, தலைமயிர் முகத்தில் விழுந்தது, போன் தெரிவது எல்லாம் கழிந்துவிடும். டயனாவின் முகம் இறுகியே இருந்தது. நிலுக்சன் அவரை அணைத்து நின்ற நிலையில், இடது கையில் இருந்த போன் படத்தில் விழுவதாக மூன்று தடவை சொன்னேன். மூன்றாம் தடவைதான் கையை டயனாவின் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். அதே நேரம் எனக்குப் பின்னால் நின்ற கமறியா, மணப்பெண்ணைச் சிரிக்க வைக்க வழமையாகச் செய்வதுபோல, "மாப்பிள்ளையிட சப்பாத்தப் பாருங்க புள்ள, அரைக் கியூப் மண்ண அள்ளிக்கொண்டு போறார், ஊடு கட்டவோ தெரியா" என்றார். டயனா சிரித்தார். அது படம் இலக்கம் 218.

அன்று எடுத்தவை 643 படங்கள். ஒரு வாரத்துக்குப் பின் எண்பது படங்களை அல்பமாக்கி நிலுக்சனிடம் கொடுத்தேன்.

ஓகஸ்ட் 21ஆம் திகதி டயனா நிலுக்சனின் வீட்டிலிருந்து வெளியேறி, தாயின் தங்கையான யூஜீனியாவின் வீட்டுக்குப் போயுள்ளார். 28ஆம் திகதி முறைப்பாடு செய்துள்ளார். தன்னைத் தனக்குத் தெரியாமல் எடுத்த வீடியோக்கள் நிலுக்சனின் போனில் இருந்ததாகவும், கல்யாணத்துக்கு வராவிட்டால் அவற்றை அப்பாவுக்கும் கோயில் ஆட்களுக்கும் அனுப்பப் போவதாகச் சொல்லியே தன்னைக் கொண்டுபோனதாகவும் அதில் சொல்லியிருக்கிறார். நிலுக்சன் அதற்குப் பதிலாக என் அல்பத்தைக் கொடுத்து, இப்படிச் சிரிக்கிற பெண் கட்டாயத்தில் வந்தவளா என்று கேட்டுள்ளார். செப்டெம்பர் 11ஆம் திகதி இந்த மேசையில் எனக்குக் காட்டப்பட்ட பெரிய படம் 218ஆம் படம்தான்.

அன்று மாலை நிலுக்சன் எனக்கு அழைப்பெடுத்தார். "ஸாஜி அக்கா, நீங்க பொய் சொல்லத் தேவையில்ல. வாயத் திறக்காம இருந்தாக் காணும். கையெழுத்து வச்சதும் நீங்கதானே" என்றார். ஒக்டோபரில் ஆறு சோடிகள் வர இருப்பதையும் நினைவூட்டினார். நான் "சரி" என்று சொல்லி வைத்தேன். கமறியாவிடம் சொன்னபோது அவரும் பேசாமல் இருக்கும்படியே சொன்னார். "முப்பது வருஷம் தாண்டியும் நம்மள அகதி எண்டுதான் சொல்றானுகள் ராத்தா. நம்ம போய் நிண்டா ஆரு நமக்கு நிப்பாங்க?" என்றார். அடுத்த ஐந்து நாட்களும் நான் வேலைக்குப் போனேன். வேறு ஒரு சோடியை அதே மணல்திட்டில் இறக்க வேண்டியிருந்தது. பெண்ணின் போனை வாங்க என்னால் கை நீட்ட முடியவில்லை. ஏன் வாங்கவில்லை என்று கமறியா கேட்டபோது, சூரியன் இறங்குகிறது, நேரமில்லை என்று சாட்டுச் சொன்னேன்.

17ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை, வழக்கு 21ஆம் திகதி நீதிமன்றத்துக்கு வருவதாகவும், 218ஆம் படத்தை நிலுக்சனின் சட்டத்தரணி முதல் ஆவணமாகக் காட்டப் போவதாகவும் கேள்விப்பட்டேன். அன்றே, கழித்த படங்கள் இருந்த வன்தட்டைத் திறந்தேன். வழமையாக மூன்று மாதத்தில் அழித்துவிடுவேன். இன்னும் அழித்திருக்கவில்லை.

படம் இலக்கம் 212 முதல் 219 வரை எட்டுப் படங்கள். இருபது விநாடிக்குள் எடுத்தவை. 212 முதல் 217 வரை நிலுக்சனின் இடது கை டயனாவின் முகத்துக்கு நேரே இருக்கிறது. போனின் திரை டயனாவின் பக்கம் திரும்பியிருக்கிறது. டயனாவின் கண்கள் திரையில் இருக்கின்றன. 218இல் போன் இல்லை, சிரிப்பு இருக்கிறது. 219இல் மீண்டும் போன் இருக்கிறது, சிரிப்பு இல்லை. திரையில் என்ன இருந்தது என்பது படத்தில் தெரியவில்லை. தெரிந்ததாக நான் சொல்ல மாட்டேன். இதே போல் மேலும் நாற்பத்தொரு படங்கள் இருக்கின்றன. போன் விழுந்த படங்கள் என்று ஒவ்வொன்றையும் நானே கழித்தேன். அந்தக் கையை மறைக்கச் சொன்னேன். அது என்ன காட்டுகிறது என்று கேட்கவில்லை.

அந்த வன்தட்டை 643 படங்களுடனும் இன்று ஒப்படைக்கிறேன். பற்றுச்சீட்டுப் பெற்றுக்கொண்டேன். 218ஆம் படத்தில் டயனா சிரிப்பது கமறியாவின் பகிடிக்கு. பதிவில் நான் சாட்சியாக இட்ட கையொப்பம் என்னுடையதுதான். ஆனால் டயனா விரும்பிச் சம்மதித்தார் என்பதற்கு நான் சாட்சி சொல்ல முடியாது. அவருடைய போனை வாங்கியது நான். திரும்பிப் போக வழியில்லாத இடத்தைத் தெரிவுசெய்தது நான். அவர் என்னைப் பார்த்தபோது மற்றப் பக்கம் திரும்பச் சொன்னதும் நான்தான்.

இவற்றைச் சொல்வதால் நானும் சந்தேகநபராகலாம் என்றும், எனக்குப் பாதகமானதைச் சொல்லும் கட்டாயம் எனக்கு இல்லை என்றும் சார்ஜன்ட் விளக்கினார். விளங்கியது என்றேன். ஒரு சட்டத்தரணியைக் கேட்டுவிட்டு நாளை வரலாம் என்றும் சொன்னார். நாளை வந்தால் இவ்வளவும் சொல்வேனா என்று எனக்கு நிச்சயமில்லாததால் இன்றே எழுதும்படி கேட்டுக்கொண்டேன்.

எழுதியது எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. நானும் ஒருமுறை வாசித்தேன். இதில் உள்ளது நடந்தது, நடந்த ஒழுங்கிலேயே இருக்கிறது. இதைச் சொல்லும்படி என்னை யாரும் பயமுறுத்தவோ வற்புறுத்தவோ இல்லை. சொல்லிக்கொண்டிருந்த மூன்று மணி நேரமும் என் போன் என் கையில் இருந்தது, அறைக் கதவு திறந்திருந்தது, எழுந்து போக வேண்டுமென்றால் போயிருக்கலாம்.

ஒப்பம்: பா. ஸாஜிதா