அஞ்சு அடுக்கும் ரெண்டு பட்டையும்

அக்கா: மெதுவா... மெதுவா... அந்தப் பள்ளம், அந்தப் பள்ளம்...

அத்தான்: பாத்தாச்சு.

அக்கா: பாத்தா போதுமா? விலகிப் போங்க.

அத்தான்: இந்தப் பக்கம் விலகினா மலை, அந்தப் பக்கம் விலகினா பாதாளம். எது வேணும்னு சொல்லு, போறேன்.

சின்னவள்: அத்தான், நீங்க முன்னாடி பாத்து ஓட்டுங்க. அக்கா, நீ கண்ண மூடிக்கோ.

அக்கா: நான் கண்ண மூடினா கேக்கை யாரு பாக்குறது?

அத்தான்: சீட்டை எல்லாம் மடக்கிட்டு, தரையில உக்காந்து, பெட்டிய ரெண்டு கையாலயும் கட்டிப் பிடிச்சிக்கிட்டு வர்ற. நீ பாக்கலேன்னா அது எங்க ஓடிடப் போகுது?

அக்கா: போன தடவை ஓடத்தான செஞ்சுது. மேல் அடுக்கு ரெண்டும் என் மடியில. மூணாவது கதவுல.

சின்னவள்: பொண்ணு பேரு கதவுல, மாப்பிள்ளை பேரு மடியில. கல்யாணத்துக்கு முன்னாடியே பிரிச்சு வச்சுட்ட.

அக்கா: சிரிக்காத. அந்த ஓட்டல் சமையல்காரர் கையில ஒரு ஸ்பூனை எடுத்துட்டு வந்து, "இதை வெட்டணுமா, அள்ளணுமா"ன்னு கேட்டாரு பாரு... இன்னிக்கு வரைக்கும் காதுல கேக்குது.

அத்தான்: அது ரோட்டு மேல தப்பு.

சின்னவள்: ரோட்டு மேலயா?

அத்தான்: பின்ன, என் வண்டி மேலயா?

சின்னவள்: நான் ஒண்ணும் சொல்லலையே.

அத்தான்: நீ ஒண்ணும் சொல்லாம வர்றதுதான் சந்தேகமா இருக்கு. ஒர்க்ஷாப்ல நாலு நட்டு முடுக்கினதுலேர்ந்து உன் வாய் ஓஞ்சு நான் பாத்ததில்ல.

சின்னவள்: நாலு நட்டு இல்ல அத்தான். மூணு வருஷம்.

அத்தான்: சரி, மூணு வருஷமா நாலு நட்டு.

அக்கா: ஏங்க, அவகிட்ட வம்பு பண்ணாம ஓட்டுங்களேன். இன்னிக்கும் இது சாஞ்சா அவ்வளவுதான். அந்த ஓட்டல்ல இனிமே நம்ம கேக்கு வாசப்படி ஏறாது. அவரே போன்ல சொல்லிட்டாரு, இதான் கடைசின்னு.

அத்தான்: எதுக்குப் பயம்? நான் இருக்கேன், என் பட்டை இருக்கு.

அக்கா: ம்ம்... ம்ம்.

அத்தான்: என்ன தொண்டையில?

அக்கா: மாவு.

அத்தான்: பாரு வாலு, நான் என்ன சொன்னேன்? பின்பக்கம் ஸ்பிரிங்கு கட்டுல இன்னும் ரெண்டு இரும்புப் பட்டையச் சேத்துப் போடு, யானைய ஏத்தினாலும் அசையாதுன்னேன். நேத்து மில்லுலேர்ந்து பன்னெண்டு மூட்டை மாவு ஏத்திட்டு மலை ஏறினோமே, வண்டி வால் தாழ்ந்துச்சா?

சின்னவள்: தாழல.

அத்தான்: முன்னாடி எல்லாம் மூட்டைய ஏத்தினா பின்பக்கம் பொத்துன்னு உக்காந்துக்கும். விளக்கைப் போட்டா வானத்துல நட்சத்திரம் தேடும். இப்ப?

சின்னவள்: இப்ப நேரா இருக்கு.

அத்தான்: அதுக்குத்தான் பட்டை. நீ என்னமோ காத்துப் பைன்னு கிளம்பின.

சின்னவள்: ரப்பர் பை அத்தான். அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவுல மாட்டணும். மூட்டை ஏத்தினா காத்தை அடிச்சு விறைப்பாக்கிக்கலாம். இறக்கினா காத்தை விட்டு மெத்துன்னு ஆக்கிக்கலாம். பட்டை அப்படி இல்ல. ஒரு தடவை போட்டுட்டா, மூட்டை இருந்தாலும் இல்லேன்னாலும் விறைச்சிக்கிட்டேதான் நிக்கும். மூட்டைக்கு அது நல்லது. கேக்குக்கு ஒவ்வொரு பள்ளமும் ஒரு உதை மாதிரி.

அத்தான்: ரப்பர் பையில காத்தை ஊதி அது மேல வண்டிய நிறுத்தணுமாம். நான் என்ன பலூன்காரனா?

சின்னவள்: நம்ம வீட்டு விசேஷத்தன்னிக்கும் இதேதான் சொன்னீங்க. எங்க பெரியம்மா, சித்தப்பா, வந்த விருந்தாளி எல்லார் முன்னாடியும்.

அத்தான்: சொன்னேன். என் வண்டில காத்து டயருக்குள்ள மட்டும்தான் இருக்கும்னு சொன்னேன். சொன்ன சொல் மாற மாட்டேன்.

சின்னவள்: அதான்... நீங்க சொன்னபடியே செஞ்சேன்.

அக்கா: ம்ம்... ம்ம்.

அத்தான்: தண்ணி குடிம்மா. அந்த மாவு இறங்கட்டும்.

சின்னவள்: அத்தான், ஓடை வருது. நேத்து மழையில தண்ணி கூடியிருக்கு.

அத்தான்: வரட்டும். நாலு சக்கரமும் இழுக்கட்டும். எல்லாம் கெட்டியாப் பிடிச்சுக்கோங்க.

அக்கா: நான் பிடிச்சுட்டேன். கேக்கு எதைப் பிடிச்சுக்கும்?

அத்தான்: உன்னை.

அக்கா: கல்லு... கல்லு ஏறுது... ஐயோ... ஏறிடுச்சா?

சின்னவள்: ஏறியாச்சுக்கா. கரைக்கு வந்தாச்சு. பெட்டிக்குள்ள பாரு.

அக்கா: இரு, மூடியத் தூக்கிப் பாக்குறேன்... அப்படியே இருக்கு. க்ரீம்ல ஒரு கீறல் இல்ல.

அத்தான்: என் பட்டை.

அக்கா: சரி, உங்க பட்டை.

அத்தான்: இன்னொரு தடவை சொல்லு, இவ காதுல விழற மாதிரி.

சின்னவள்: விழுந்துச்சு அத்தான். நல்லாவே விழுந்துச்சு. அங்க பாருங்க, மலைச்சரிவுலேர்ந்து கல்லு உருண்டு நடு ரோட்டுல கிடக்கு.

அத்தான்: இறங்கித் தள்ளிட்டு வரேன். அதுக்குள்ள அக்காவும் தங்கச்சியும் கேக்கைத் தின்னு தீத்துடாதீங்க.

அக்கா: ...போயிட்டாரா?

சின்னவள்: போறாரு. குரலைக் குறைச்சுக்கோ.

அக்கா: காத்தை இறக்கினியா, இல்லையா? கிளம்பினதுலேர்ந்து கண்ணாலேயே கேக்குறேன், நீ ஜன்னல்ல மரத்தை எண்ணிக்கிட்டு வர்ற.

சின்னவள்: இறக்கலக்கா.

அக்கா: அடிப்பாவி.

சின்னவள்: என்ன பண்ணச் சொல்ற? அவரு கேட்ட பட்டையப் போடாம, முன்னாடி போட்டிருந்த கூடுதல் பட்டையையும் கழட்டிட்டு, திருட்டுத்தனமா பையை மாட்டினேன். நேத்து மில்லுல அவரு டீ குடிக்கப் போன நேரம் பாத்து முழுக்கக் காத்தடிச்சேன். காலையில கேக்கை ஏத்துறதுக்கு முன்னாடி விட்டுடலாம்னு வாசலுக்கு வந்தா, உன் வீட்டுக்காரர் பின் சக்கரத்துக்கிட்ட குந்தி உக்காந்து சேறு கழுவிக்கிட்டு இருக்காரு.

அக்கா: யாரு, இவரா?

சின்னவள்: இவரேதான். கையில வாளி, துணி எல்லாம்.

அக்கா: தின்ன தட்டையே நகர்த்தி வைக்க மாட்டாரே.

சின்னவள்: அப்புறம் வண்டிய விட்டு அவரு அசையவே இல்ல. கேக்கை ஏத்தினோம், கிளம்பிட்டோம்.

அக்கா: அப்ப பை இன்னும் பன்னெண்டு மூட்டைக்கு அடிச்ச காத்தோட இருக்கா? கல்லு மாதிரி இருக்குமே?

சின்னவள்: இருக்கணும்.

அக்கா: அப்புறம் எப்படி கேக்கு ஆடல?

சின்னவள்: அதான் எனக்கும் புரியல. மெத்தையில போற மாதிரி போகுது. பையில எங்கேயோ ஓட்டை விழுந்திருக்கும். ராத்திரியே காத்து போயிருக்கும்.

அக்கா: நமக்கு நல்லதுதான?

சின்னவள்: கேக்குக்கு நல்லது. திரும்பும்போது மில்லுல மூட்டை ஏத்தணுமே. பையில காத்து நிக்காது, பட்டையும் இல்ல. வண்டி வால் தரையத் தேய்க்கும். அவரு இறங்கிக் குனிஞ்சு பாப்பாரு. அவ்வளவுதான். நான் கிழவியாகுற வரைக்கும் பலூன் கதைய ஊருக்கெல்லாம் சொல்வாரு. இந்த வண்டில இனிமே ஒரு நட்டைக்கூடத் தொட விட மாட்டாரு.

அக்கா: நான்தான மாட்டச் சொன்னேன். திட்டு விழுந்தா பாதி எனக்கு.

சின்னவள்: உனக்குப் பாதிதான். எனக்கு முழுசும்க்கா. அந்தப் பையை மாட்டும்போது எனக்கு அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு. நானே அளந்து, நானே இரும்புல தாங்கி அடிச்சு, நானே மாட்டினேன். ஒர்க்ஷாப் முதலாளி பக்கத்துலகூட வரல. அது போய் ஓட்டையாகி நிக்குதுன்னா... வராரு, வராரு.

அத்தான்: என்ன, ரெண்டு பேரும் சாமி கும்பிட்ட மாதிரி உக்காந்திருக்கீங்க?

அக்கா: ஒண்ணுமில்ல. அடுத்தது அந்த வளைவுதான, போன தடவை சாஞ்ச இடம்?

அத்தான்: அதேதான்.

அக்கா: நிறுத்துங்க. நான் கேக்கைத் தூக்கிக்கிட்டு நடந்தே வரேன்.

அத்தான்: உன் உயரத்துக்கு இருக்கு பெட்டி. அதைத் தூக்கிட்டு நீ நடந்தா கேக்குக்குக் கால் முளைச்ச மாதிரி இருக்கும். உக்காரு.

அக்கா: பெட்டிய இன்னும் இறுக்கிப் பிடிச்சுக்கிறேங்க.

அத்தான்: பெட்டிய விட்டுடு. நிஜமாத்தான் சொல்றேன். கையை எடுத்துட்டு சும்மா உக்காரு.

அக்கா: விட்டுட்டேன்.

சின்னவள்: முதல் பள்ளம்... ரெண்டாவது...

அத்தான்: ஏம்மா, பேசு. இருக்கியா?

அக்கா: இருக்கேன்.

அத்தான்: கேக்கு?

அக்கா: மேல வச்ச சர்க்கரைப் பூவு... அதுல ஒரு இதழ்கூட அசையலைங்க. நான் கையை விட்டுட்டுத்தான் பாத்தேன். அசையல.

அத்தான்: அப்ப தைரியமா இறங்கு. ஓட்டல் வாசல் வந்தாச்சு. அதோ, ஆளுங்க வர்றாங்க தூக்க. நாலு பேரும் ஒரே நேரத்துல தூக்கச் சொல்லு.

அக்கா: வாங்களேன் நீங்களும்.

அத்தான்: நீ போ. உன் கேக்கு. நாங்க இங்கேயே நிக்கிறோம்.

சின்னவள்: அக்கா உள்ள போயிட்டாங்க.

அத்தான்: ஏன் நகத்தைக் கடிக்கிற? பசிக்குதா?

சின்னவள்: இல்ல.

அத்தான்: கேக்குதான் நின்னுடுச்சே.

சின்னவள்: அத்தான், ஒண்ணு கேக்கவா? ஒருவேளை நீங்க சொன்னது தப்பு, நான் சொன்னதுதான் சரின்னு ஆகியிருந்தா என்ன பண்ணுவீங்க?

அத்தான்: என் வாயால சொல்லணுமா?

சின்னவள்: ஆமா.

அத்தான்: ரொம்பக் கஷ்டமாச்சே. வேற எதாவது தண்டனை குடு.

சின்னவள்: அக்கா வராங்க. ஓடி வராங்க. அத்தான், அழறாங்க.

அத்தான்: என்னம்மா ஆச்சு? என்ன சொன்னாரு?

அக்கா: அழல. சிரிக்கிறேன். கண்ணுல தண்ணி அதுவா வருது.

சின்னவள்: சொல்லித் தொலைக்கா.

அக்கா: மேசையச் சுத்திச் சுத்தி வந்தாரு. குனிஞ்சு அடியில பாத்தாரு, நிமிந்து மேல பாத்தாரு. டார்ச்சை அடிச்சுக்கூடப் பாத்தாரு, எங்கேயாவது வெடிப்பு இருக்கான்னு. அவரு கையில அதே ஸ்பூன்.

அத்தான்: அதே ஸ்பூனா?

அக்கா: அதேதான். தயாராத்தான் வந்திருக்காரு மனுஷன். கடைசியில அதைச் சட்டைப் பையில சொருகிக்கிட்டு, "கத்திய எடுத்துட்டு வாங்கப்பா"ன்னு உள்ள பாத்துக் குரல் குடுத்தாரு.

சின்னவள்: அக்கா...

அக்கா: இன்னும் முடியல. இந்த வருஷம் அங்க நடக்குற அத்தனை கல்யாணத்துக்கும் கேக்கு நம்மளோடதுதான். அடுத்த வாரமே ரெண்டு. நான் அவரு முன்னாடி நல்லா நிமிந்து நின்னேங்க. போன தடவை பின்வாசல் வழியா தலை குனிஞ்சு வந்தவ, இன்னிக்கு முன்வாசல் வழியா வந்தேன்.

அத்தான்: அப்படிப் போடு. எனக்குத் தெரியும், நீ பண்ணின கேக்குல என்னிக்குமே கோளாறு இருந்ததில்ல. ஏறு ஏறு, நேரா மில்லுக்குப் போவோம். ரெண்டு கல்யாணம்னா பன்னெண்டு மூட்டை பத்தாது. பதினஞ்சா ஏத்திடுவோம்.

சின்னவள்: பதினஞ்சா?

அத்தான்: என் பட்டை தாங்கும்.

சின்னவள்: அத்தான்... கிளப்பாதீங்க. உங்க பட்டை வண்டில இல்ல. நீங்க குடுத்த ரெண்டும் ஒர்க்ஷாப்புக்குப் பின்னாடி கிடக்கு. பழசுலயும் ஒண்ணைக் கழட்டிட்டேன்.

அத்தான்: ம்.

சின்னவள்: நான் மாட்டினது காத்துப் பை.

அக்கா: நான் சொல்லித்தாங்க மாட்டினா. அவளை மட்டும் திட்டாதீங்க.

அத்தான்: ம்.

சின்னவள்: நேத்து பன்னெண்டு மூட்டையத் தாங்கினது அந்தப் பை. இன்னிக்குக் கேக்கை நிக்க வச்சதும் அதுதான். அதை நான் எங்க வேணும்னாலும் தலை நிமிந்து சொல்வேன். ஆனா... அதுல ஓட்டை விழுந்திருக்கு, காத்து இறங்கிடுச்சு. அடிச்சுப் பாக்கலாம்னா ஒர்க்ஷாப் பம்பையும் நேத்து ராத்திரியே திருப்பிக் குடுத்துட்டேன், உங்க கண்ணுல பட்டுடும்னு. இப்ப மூட்டைய ஏத்தவும் முடியாது, மாவு இல்லாம சும்மா போகவும் முடியாது. திட்டணும்னா திட்டுங்க.

அத்தான்: ஓட்டையும் இல்ல, ஒண்ணும் இல்ல. நேத்து மூட்டைய இறக்கினதும் வண்டி பின்பக்கத்தைத் தூக்கிக்கிட்டு நின்னுச்சு, அப்பவே குனிஞ்சு பாத்துட்டேன். உன் முதலாளிக்குப் போன் போட்டுக் கேட்டு, காலையில நம்பர் பிளேட்டுக்குப் பின்னாடி வால்வைத் தேடிப் பிடிச்சுக் காத்தை இறக்கினதும் நான்தான். முழுசா விட்டா பை மடிஞ்சு கிழிஞ்சிடுமாமே, அதனால கொஞ்சம் காத்தை உள்ளேயே வச்சிருக்கேன். என் சீட்டுக்கு அடியில கையை விடு, புதுப் பம்பு இருக்கும். எவ்வளவு அடிக்கணும்னு நீ சொல்லும்மா மெக்கானிக்கு, பலூன்காரன் மிதிக்கிறேன்.